“எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?” – இன்டர்வியூவில் சம்பளம் பேசுவது எப்படி?



நேரத்துக்குப் போகணும், போனை சைலன்ட்ல போடணும், பழைய மேனேஜரைத் திட்டக்கூடாது. இன்டர்வியூ பத்தின இந்த அறிவுரையெல்லாம் உங்களுக்கே தெரியும். இதை எல்லாம் சரியா செய்றவங்களும் தடுமாறுற இடம் ஒண்ணு இருக்கு. கடைசியில எச்ஆர் கேட்கிற சம்பளக் கேள்விதான் அது.

ராஜகீழ்ப்பாக்கத்துல இருந்து மேடவாக்கம் வழியா ஓஎம்ஆருக்கும், தாம்பரத்துல ரயில் பிடிச்சு கிண்டிக்கும் வேலைக்குப் போற பலர், புது வேலையில முதல் சம்பளம் வந்த பிறகு ஆஃபர் லெட்டரோட வந்து, “சார், ஏன் இவ்வளவு கம்மியா வருது?”ன்னு கேட்கிறாங்க. அதை இன்டர்வியூ அறையிலேயே கேட்டிருக்கணும்.

முதல்ல கணக்கு

சிடிசி 6 லட்சம்னு சொன்னதும் மனசு 12-ஆல வகுத்து மாசம் 50,000-னு நினைச்சுக்கும். உண்மையில எவ்வளவு வரும்? ஒரு உதாரணம் பார்ப்போம்.

- பேசிக், சிடிசியில பாதி: 3,00,000
- கம்பெனி பங்கு பிஎஃப் (பேசிக்ல 12%): 36,000
- கிராஜுவிட்டி (பேசிக்ல 4.81%): 14,430
- வேரியபிள் பே (10%-னு வெச்சுக்கலாம்): 60,000

கடைசி மூணையும் கழிச்சா மீதி 4,89,570. மாசத்துக்குச் சுமார் 40,800. இதுல உங்க பங்கு பிஎஃப் 3,000-மும், தொழில் வரிக்காக மாசம் சுமார் 208-ம் போயிடும். கைக்கு வர்றது ஏறக்குறைய 37,600 ரூபாய். புதிய வரி முறையில இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. அப்படியும் 50,000-க்கும் இதுக்கும் 12,000-க்கு மேல வித்தியாசம்!

அதே 6 லட்சத்துல, கம்பெனி பிஎஃப்-ஐ 15,000 ரூபாய் உச்சவரம்புக்கு மட்டும் (மாசம் 1,800) கட்டினா, கைக்குச் சுமார் 40,000 வரும். ஆனா பிஎஃப் சேமிப்பு குறையும். அதனால சிடிசியை மட்டும் வெச்சு ரெண்டு ஆஃபரை ஒப்பிடாதீங்க.

பொய் நம்பர் வேண்டாம்

“இப்போ என்ன வாங்கறீங்க?”ன்னு கேட்டா கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம்னு பலருக்குத் தோணும். ஆனா வேலையில சேர்றதுக்கு முன்னாடி பெரும்பாலான கம்பெனிகள் மூணு மாச பே-ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பாங்க. பிஎஃப் பாஸ்புக்கும் கேட்கலாம். முழு பேசிக்குக்கும் பிஎஃப் பிடிக்கிற கம்பெனியா இருந்தா, உங்க பங்கு 3,000-னு பார்த்த உடனே பேசிக் 25,000-னு கண்டுபிடிச்சிடலாம். பழைய வேலையை ராஜினாமா செய்த பிறகு இது தெரிஞ்சு ஆஃபர் ரத்தானா, ரெண்டு வேலையும் இல்லை. இஎம்ஐ மட்டும் தேதி தவறாம வரும்.

சம்பளத்தைச் சொல்ல விருப்பம் இல்லையா? “இந்தப் பொறுப்புக்கு நான் எதிர்பார்க்கிறதைச் சொல்றேன், மேடம்”னு மரியாதையா சொல்லிப் பாருங்க. அது தப்பே இல்லை. மறுபடியும் கேட்டா உண்மையைச் சொல்லிடுங்க.

எப்படிப் பேசறது?

வீட்டிலேயே வாடகை, போக்குவரத்து, சேமிப்பு எல்லாம் கூட்டி, கைக்கு எவ்வளவு வரணும்னு முடிவு பண்ணிட்டுப் போங்க. “உங்க இஷ்டம் சார்”னு சொல்றது பணிவு மாதிரி தெரியும். ஆனா தயாராகாம வந்திருக்கீங்கன்னுதான் எதிரில இருக்கிறவங்களுக்குப் புரியும். “வேரியபிள் இல்லாம, ஃபிக்ஸட் மட்டும் இவ்வளவு எதிர்பார்க்கறேன், இந்தக் காரணத்துக்காக”ன்னு உங்க வேலையை முன்வெச்சுச் சொல்லுங்க. வீட்டுக் கடனைக் காரணமா சொல்லாதீங்க. சொன்ன பிறகு அமைதியா இருங்க. அவங்க யோசிக்கிற நேரத்துல நீங்களே குறைச்சுடாதீங்க.

அப்புறம் இந்த நாலு கேள்வியையும் கேளுங்க:

1. ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு? வேரியபிள் எப்போ, எதை வெச்சுத் தருவாங்க?
2. பிஎஃப் முழு பேசிக்குக்கா, 15,000-க்கு மட்டுமா?
3. ஜாயினிங் போனஸ் உண்டுன்னா, எத்தனை மாசத்துக்குள்ள விலகினா திருப்பித் தரணும்?
4. நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள்?

2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்படி, அலவன்ஸ்கள் மொத்தச் சம்பளத்துல பாதியைத் தாண்டினா, தாண்டுற தொகையும் ஊதியக் கணக்குல சேரும். ஒப்பந்தக் காலப் பணியாளருக்கு ஒரு வருஷத்திலேயே கிராஜுவிட்டி உரிமை உண்டு. அதனால சம்பளப் பிரிவு பத்திக் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆஃபர் சொன்ன உடனே “சரி”ன்னு தலையாட்டாதீங்க. “நன்றி சார், பிரேக்-அப் மெயில்ல வந்ததும் பார்த்துட்டு நாளைக்குள்ள சொல்றேன்”னு சொல்லுங்க. சொன்ன மாதிரியே மறுநாள் பதில் அனுப்பிடுங்க. வேண்டாம்னு முடிவு பண்ணினாலும் சொல்லிடுங்க. அடுத்த வருஷம் அதே எச்ஆர் வேற கம்பெனியில இருந்து உங்களைக் கூப்பிடலாம்.

இன்னிக்கே உங்க பே-ஸ்லிப்பை எடுத்து மேல சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்க. இன்டர்வியூவுக்கு அதுதான் முதல் தயாரிப்பு.