வாடகைக் கவசம் நீண்ட காலம் உழைக்க

பாடசாலைக் கலை விழா, மாறுவேடப் போட்டி, தவக்காலப் பாஸ்கு நாடகம் என்று கொழும்பில் அரசர், படைவீரர் கவசங்களுக்குக் கேள்வி இருக்கின்றது. 2015இல் லங்கா கொமிக் கொன் ஆரம்பமான பின்னர், திரைப்பட நாயகர்களின் கவசத்தைத் தேடும் இளைஞர்களும் சேர்ந்துள்ளனர். புறக்கோட்டையில் சாமான் வாங்கி, வீட்டிலேயே போம் கவசம் செய்து வாடகைக்கு விடுவது சிறு முதலில் செய்யக்கூடிய தொழிலாகும்.

கணக்கைப் பாருங்கள். கவசமொன்றுக்குச் செலவு 4,000 ரூபா, வாடகை 1,000 ரூபா என வைத்துக்கொள்வோம். மூன்றாம் தடவையில் கிழிந்தால் 1,000 ரூபா நட்டம். மேலும் 1,000 ரூபா செலவிட்டுப் பலப்படுத்தி, 10 தடவை வாடகைக்குப் போனால் 5,000 ரூபா மீதி.

பலப்படுத்துவது எவ்வாறு?

1. ரெஜிபோம் வேண்டாம். அது நொறுங்கும், சில பசைகளும் ஸ்பிரே பெயின்டும் அதைக் கரைத்துவிடும். செருப்பு அடிப்பாகத்துக்குப் பாவிக்கும் ஈ.வி.ஏ. ஷீட்டே உகந்தது. மார்புக்கு 10 மில்லிமீற்றர், வளையும் இடங்களுக்கு 5 மில்லிமீற்றர் போதும்.

2. சப்பாத்துப் பசையை இரு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பின்னர் அழுத்துங்கள். ஈரத்தில் ஒட்டினால் மூட்டு பிரியும்.

3. ஹீட் கன்னால் மேற்பரப்பை இலேசாகச் சூடாக்கினால் நுண்துளைகள் மூடி, பெயின்ட் உறிஞ்சப்படுவது குறையும்.

4. பெயின்டுக்கு முன்னர், வளைந்து கொடுக்கும் இறப்பர் பூச்சை மெல்லியதாக மூன்று நான்கு தடவை பூசுங்கள். காய்ந்ததும் விறைக்கும் பெயின்ட் வளைவுகளில் வெடிக்கும்.

5. பட்டியை போமில் நேரே ஒட்டாதீர்கள். உட்புறம் துணித்துண்டு ஒட்டி, அதன் மேல் ரிவெட் அடியுங்கள். கவசம் முதலில் கிழிவது இந்த இடத்தில்தான்.

பசை, ஹீட் கன் வேலைகளைக் காற்றோட்டமான இடத்தில், முகக்கவசம் அணிந்து செய்யுங்கள். திரும்பி வந்த கவசத்தை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்தில் வைத்தால் வடிவம் குலையும்.

இஜாரா எனும் வாடகை ஒப்பந்தத்தில் பொருள் வாடகையாளரிடம் அமானிதமாகும். அவரது கவனயீனத்தால் வந்த சேதத்துக்கே அவர் பொறுப்பு. வழமையான தேய்மானம் உரிமையாளரைச் சாரும். பலவீனமாகச் செய்துவிட்டு, கிழிந்ததும் வைப்புப் பணத்தில் வெட்டுவது நியாயமாகாது. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் இருவரும் பார்த்து, குறைகளை எழுதிக்கொள்வது நல்லது.

மேலே உலர்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்த தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்து, அதன் வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. பளபளக்கும் பெயின்டுக்கு அடியில் மூட்டு பிரிந்த கவசத்தை வாடகைக்குக் கொடுப்பவருக்கும் அதில் பாடமுண்டு.