வைத்தியசாலையிற் குழந்தை மனம்

நோய் நீங்கி வைத்தியசாலையினின்று வீடு மீண்ட குழந்தை முன்போல் உண்ணாதும் உறங்காதும், தாயின் சேலைத் தலைப்பை விடாதும் இருத்தலை நம்மிற் பலர் கண்டிருப்பர். வெள்ளுடை தரித்தவரைத் தெருவிற் கண்டாலும் அது அலறும். செல்லங் கொடுத்துக் கெடுத்துவிட்டனர் என்பர் அயலார். உண்மை அதுவன்று. உடற்புண் ஆறிய பின்னும் உளப்புண் ஆறாதிருத்தல் கூடும்.

அமெரிக்க உளமருத்துவர் டேவிட் லெவி என்பார், சத்திரசிகிச்சையின் பின் குழந்தைகள் சிலரிடந் தோன்றிய அச்சங்களை ஆராய்ந்து, போர்முனையினின்று மீண்ட வீரரின் மனநோயோடு அவற்றை ஒப்பிட்டு 1945 இல் எழுதினார். ஒப்பீடு மிகையெனத் தோன்றலாம். குழந்தையின் நிலையில் நின்று நோக்குவோர்க்கு அது மிகையாகாது. முகத்தை மூடிய அந்நியர் சூழ்ந்து பிடிக்கின்றனர், ஊசி குத்துகின்றனர், காக்க வேண்டிய தாயோ அருகில் இல்லை, இருப்பினுந் தடுத்திலள். தான் செய்த குறும்புக்குத் தண்டனையே இஃதென எண்ணுங் குழந்தைகளும் உளர்.

அழும் பிள்ளையின் துயர் எவர்க்கும் புலனாம். அழாத பிள்ளையே நம்மை ஏமாற்றுவது. இதனை உலகறியச் செய்தவர், இலண்டன் தாவிஸ்டொக் நிலையத்தில் யோன் போல்பியுடன் பணியாற்றிய யேம்ஸ் றொபேட்சன். தாயைப் பிரிந்து வைத்தியசாலையிற் கிடக்குஞ் சிறு குழந்தை முதலில் அழுது எதிர்க்கும்; பின் நம்பிக்கையிழந்து சோரும்; பிரிவு நீடிப்பின் தாயை வேண்டாதது போல் ஒழுகும் என அவர் கண்டார். பின்னிரு நிலைகளையுங் கண்ட தாதியரோ, பிள்ளை பழகிவிட்டது என மகிழ்ந்தனர்.

சொல்லாற் பயன் விளையாமை கண்ட றொபேட்சன் 1952 இல் ஒரு படம் பிடித்தார். கொப்பூழருகே குடல் பிதுங்கியமைக்குச் சத்திரசிகிச்சை பெற எட்டு நாள் தங்கிய லோறா என்னும் இரண்டரை வயதுச் சிறுமியே அதன் பொருள். வேண்டிய காட்சிகளை மட்டுந் தெரிந்தெடுத்தார் என்று எவருங் கூறாவண்ணம், குறித்த வேளைகளிலே, சுவர்க் கடிகாரமுந் தோன்றப் படமெடுத்தார். லோறா அதிகம் அழவில்லை. கரடிப் பொம்மையை இறுகப் பற்றியவாறு, அடங்கிய முகத்தோடு இடையிடையே தாயைக் கேட்டாள். வீடு செல்லும் நாளில் தன் பொருள்களையெல்லாம் வாரிக்கொண்டாள். தாயின் கையை மட்டும் பற்ற மறுத்தாள்.

படத்தைக் கண்ட இலண்டன் வைத்தியர் பலர் சினந்தனர். அவள் ஏனைய பிள்ளைகளைப் போன்றவளல்லள் என்றனர். ஆறு திங்கள் கழித்து அப்படத்தைத் தற்செயலாகக் கண்ட லோறாவோ, அவ்வளவு நேரமும் நீ எங்கே போயிருந்தாய் எனத் தாயை வினவி, வாய்விட்டழுது, ஆறுதல் வேண்டித் தந்தையிடந் திரும்பினாள்.

நியூகாசிலில் சேர் யேம்ஸ் ஸ்பென்ஸ் என்பார் இதற்கு நெடுநாள் முன்னரே தாயரையும் உடன் தங்கவிட்டிருந்தார். எனினும் 1959 இல் சேர் ஹரி பிளற் குழுவினரின் அறிக்கை வெளிவந்த பின்னரே, பெற்றோர் தடையின்றி வந்து காண்டலும் தாய் உடன் தங்கலும் பிரித்தானியாவிற் படிப்படியாகப் பரவலாயின.

தாய் உடனிருப்பினும் அச்சம் முற்றும் ஒழிவதில்லை. நோயின் கடுமையினும், தனக்கு என்ன நேருமோ எனக் குழந்தை கொள்ளும் அச்சமே பின்விளைவைப் பெரிதுந் தீர்மானிப்பதென இன்றைய ஆய்வாளர் கூறுவர். ஊசி குத்துமுன் “நோகாது” எனப் பொய்யுரைத்தல் தீது. அடுத்த முறை எச்சொல்லையும் பிள்ளை நம்பாது. சிறிது நோகுமென்று சொல்லி, மடியில் இருத்திப் பிடித்து, எந்தக் கையிற் குத்தலாம் என்பதையேனும் பிள்ளை தெரியவிடலாம். தோலை விறைக்கச் செய்யும் பூச்சு மருந்துகளும் இன்றுள. வீடு மீண்டபின் கொடுங்கனவும் திடுக்கிடுதலும் ஒரு திங்களுக்கு மேல் நீடிப்பின் வைத்தியரிடங் கூறல் வேண்டும். ஒன்றுங் கேளாது, ஒன்றுஞ் சொல்லாது, ஒதுங்கியிருக்கும் பிள்ளையையும் அவரிடங் காட்டுதல் வேண்டும்.