முதன்முதல் வாங்கும் மலிவான வெல்டிங் யந்திரம்

பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும் வேளையில் இரு சில்லு உழவுயந்திரத்தின் கூண்டுச் சில்லிலே ஒரு பட்டம் கழன்றுவிடின், அதனைக் கந்தளாய்க்கோ மூதூருக்கோ கொண்டுசென்று ஒட்டுவித்து மீளுவதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். பட்டறையில் வேலை நிறைந்திருப்பின் இரண்டு நாட்களும் செல்லும். வாய்க்காலில் நீர் வரும் முறை எவருக்காகவும் காத்திராது. ஆகவே வெருகல், ஈச்சிலம்பற்று, தம்பலகாமம் போன்ற இடங்களிலுள்ள கமக்காரர் பலர் சொந்தமாக ஒரு சிறு வெல்டிங் யந்திரம் வாங்க எண்ணுகின்றனர். அவ்வாறு வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றை இங்கே கூறுகின்றோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுதல் நன்று. ஆண்டில் இரண்டு மூன்று முறை மாத்திரமே உடைவு ஏற்படுமாயின் யந்திரம் வாங்குதல் வீண்செலவு. அயலிலுள்ள நான்கைந்து பேர் சேர்ந்தோ, கமக்காரர் அமைப்பின் மூலமாகவோ ஒன்றை வாங்கி, அதில் நன்கு பழகிய ஒருவரிடம் ஒப்படைத்தல் மேலானது.

கமத்தில் வேலை வெளியிலே, காற்றிலே நடைபெறுகின்றது. வாயுவைப் பாய்ச்சிக் கம்பியால் ஒட்டும் யந்திரங்களில் அவ்வாயுவைக் காற்று அடித்துச் சென்றுவிடும். ஒட்டும் நுரைத்துப் போகும். ஒட்சிசன், அசற்றிலீன் உருளைகளை வைத்துக் காப்பதோ புதியவருக்குச் செலவும் ஆபத்துமாகும். மேற்பூச்சுள்ள ஒட்டுக்கோலை எரித்து ஒட்டும் சாதாரண மின் யந்திரமே நமக்கு ஏற்றது. பட்டறைக்காரர் இக்கோலை ரொட் என்பர். இக்கோலுக்கு மேற்பூச்சிடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டவர் சுவீடன் நாட்டு ஒஸ்கார் ஷெல்பேர்க். கப்பல்களின் கொதிகலன்களைப் பழுதுபார்க்கும் வேலையில் ஈடுபட்டிருந்தவர் அவர். துறைமுகத்தில் பிறந்த முறை கமத்துக்கும் உதவுகின்றது.

இதில் இருவகை உண்டு. ஒன்று செம்புச் சுருளுள்ள பழைய மாற்றி யந்திரம். அது நீடித்து உழைக்கும். பழுதானால் உள்ளூரிலேயே திருத்தலாம். ஆனால் இருவர் தூக்கவேண்டிய பாரம் உடையது. மின்னையும் மிகுதியாக இழுக்கும். 50 உவோற்று வெளியீடுள்ள மாற்றி 80 அம்பியர் கொடுக்கும்போது, 230 உவோற்று இணைப்பிலிருந்து ஏறத்தாழ 17 அம்பியர் வாங்குகின்றது. மற்றது இன்வேட்டர் எனப்படும் சிறு பெட்டி. நான்கு முதல் எட்டுக் கிலோ வரையே நிறையுள்ளது. அதே 80 அம்பியருக்கு அது 13, 14 அம்பியரோடு நின்றுவிடும். சுடரும் சீராக நிற்பதால் புதியவர் கைக்கு எளிதில் அடங்கும். ஆதலால் முதல் யந்திரமாக இன்வேட்டரையே நாம் விதந்துரைக்கின்றோம்.

இனி ஏமாறும் இடம். மலிவான பெட்டிகளின்மீது 250 என்றும் 300 என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பர். இதனைக் கணக்குப் பார்த்தே அறியலாம். 300 அம்பியர் சுடருக்கு ஏறத்தாழ 32 உவோற்று வேண்டும். இரண்டையும் பெருக்க 9,600 உவாற்று. யந்திரத்தில் சிறிதும் இழப்பில்லை என்று கொண்டாலும் வீட்டு இணைப்பிலிருந்து 42 அம்பியர் இழுக்கவேண்டும். நமது வீடுகளில் உள்ளதோ 30 அம்பியர் தனிக்கட்ட இணைப்பு; பலவற்றில் அதனிலும் குறைவு. எனவே அவ்வெண் உங்கள் முற்றத்தில் ஒருபோதும் வெளிவராது. முன்பக்க எழுத்தை விட்டுப் பின்புறத் தகட்டைப் பாருங்கள். அங்கே எத்தனை அம்பியரில், பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் எரிக்கலாம் என்பது வீதமாகக் குறிக்கப்பட்டிருக்கும். 60 வீதம் என்றால் ஆறு நிமிடம் எரித்து நான்கு நிமிடம் ஆறவிடவேண்டும். 120 அம்பியரில் 60 வீதம் உண்மையாகத் தரும் யந்திரம் கமத்து வேலைக்குத் தாராளம். தகடே இல்லாத பெட்டியை வாங்கற்க.

கடையிலே மூன்று 2.5 மில்லிமீற்றர் கோல்களை ஒன்றன்பின் ஒன்றாக எரித்துக் காட்டும்படி கேளுங்கள். மறுக்கும் கடைக்காரரிடம் வாங்காதிருத்தல் நலம். உத்தரவாதச் சீட்டும், திருத்தும் இடம் மாவட்டத்துள் உண்டா என்ற செய்தியும் விலையைப் போலவே முக்கியமானவை.

13 அம்பியர் செருகியில் பொருத்தித் தொடர்ந்து எரித்தால் செருகி சூடேறிக் கருகும். தகுதியுள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு தனி இணைப்பும் தனி ஆளியும் இட்டுக்கொள்க. நீண்ட வயர் இழுக்கும்போது தடிப்பைக் கவனிக்கவேண்டும். 50 மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயராயின் 14 அம்பியரில் 10 உவோற்றளவே குறையும். 1 சதுர மில்லிமீற்றர் வயராயின் 25 உவோற்றுக்கு மேல் குறைந்து, சுடர் அணைந்து கோல் ஒட்டிக்கொள்ளும். அப்போது பலர் யந்திரத்தைக் குறை கூறுகின்றனர்!

தொடக்கத்துக்கு ஈ 6013 என்னும் கோல் போதும். 2.5 மில்லிமீற்றர் கோலுக்கு 60 முதல் 90 அம்பியர்; 3.2 மில்லிமீற்றருக்கு 90 முதல் 130. நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா போன்ற கரையோரங்களில் உப்புக்காற்று இரண்டையும் கெடுக்கும். கோல்களை இறுக மூடிய தகரப் பேணியிலும், யந்திரத்தை உலர்ந்த பெட்டியிலும் வையுங்கள். கிறைண்டரின் இரும்புத்தூள் பறக்குமிடத்தில் யந்திரத்தை வைத்தால் அதன் விசிறி தூளை உள்ளே இழுத்து மின்சுற்றை எரித்துவிடும்.

மிச்சப்படுத்தக் கூடாதவை முகமூடியும் கையுறையும். 10 அல்லது 11ஆம் இலக்கக் கறுப்புக் கண்ணாடி வேண்டும். வெயிற் கண்ணாடி உதவாது. சுடரை வெறுங்கண்ணால் பார்த்தவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. இரவிலே மணல் விழுந்தாற்போலக் கண் எரியும். அருகில் நிற்கும் பிள்ளைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள். ஈரச் சேற்றில் நின்று ஒட்டவே கூடாது. கோல்பிடியிலுள்ள 60, 80 உவோற்றே நனைந்த உடலுக்கு உயிராபத்தாகலாம். வைக்கோற் போருக்கு அண்மையிலும், எரிபொருள் இருந்த தாங்கியிலும் சுடரைக் கொண்டுசெல்லாதீர். நாகமுலாம் பூசிய குழாயின் வெண்புகை காய்ச்சலைத் தரும். உழவுயந்திரத்தில் ஒட்டுமுன் பற்றரியைக் கழற்றி, பூமிக் கவ்வியை ஒட்டுமிடத்துக்கு அண்மையில் மாட்டவேண்டும். அன்றேல் மின் போல்தாங்கிகளூடாகப் பாய்ந்து அவற்றைப் பழுதாக்கும்.

கூண்டுச் சில்லின் பட்டம், நீர்ப்பம்பியின் தாங்கி, வேலிப் படலை ஆகியவை மென்னிரும்பு. இவை புதியவருக்கு ஏற்ற வேலை. கலப்பைக் கொழு கடினமான உருக்கு. அதனை முன்கூட்டிச் சூடேற்றி, உலர்த்திய ஈ 7018 கோலால் ஒட்டாவிடின் ஒட்டின் அருகே வெடிக்கும். உழவுயந்திரப் பெட்டியின் இணைப்புக் கொழுவியை மட்டும் பழகிய பட்டறைக்காரரிடமே விடுக. நெல் மூடைகளின்மேல் ஆட்களும் ஏறிச் செல்லும் பெட்டி அது.

தொழிற் பயிற்சி அதிகார சபையின் பயிற்சிக்குச் செல்ல வாய்ப்புள்ள இளைஞர் அதனைப் பயன்படுத்துக. ஏனையோர் முதல் இரண்டு கிலோ கோலைக் கழிவிரும்பிலேயே எரித்துப் பழகவேண்டும். ஒட்டிய துண்டைப் பிடிகருவியில் இறுக்கிச் சம்மட்டியால் அடித்து வளையுங்கள். முறிந்தால் உட்புறத்தைப் பாருங்கள். கறுத்த கசடு தெரிந்தால் அம்பியரைச் சிறிது கூட்டி, கையை நிதானமாக நகர்த்தி மீண்டும் ஒட்டுக. வளைந்தும் முறியாத துண்டுகள் அடுத்தடுத்து ஐந்து கிடைத்தபின் கூண்டுச் சில்லைக் கையிலெடுக்கலாம்.