ரீபூட்டின் தலையில் விழும் பழி

“நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடிட்டிருந்தது. ரீபூட் பண்ணினதுதான் தப்பு.”

சர்வர் பராமரிப்பவர்களிடம் அதிகம் புழங்கும் நம்பிக்கை இது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் தன் கான்ஃபிக் கோப்பை நிமிடத்துக்கு நிமிடம் படிப்பதில்லை. தொடங்கும்போது ஒருமுறை படிக்கும். அதன்பின் நினைவகத்தில் இருப்பதை வைத்துக்கொண்டே மாதக்கணக்கில் ஓடும். மார்ச்சில் யாரோ ஒருவர் என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டு, ரீலோடு செய்து பார்க்காமலே போயிருந்தால், அது ஆகஸ்டில் ரீபூட் செய்பவர் தலையில் விடியும். ஆகவே சர்வர் எழவில்லை என்றதும் இன்று என்ன செய்தோம் என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, கடைசியாக நல்லபடி எழுந்ததிலிருந்து என்னென்ன மாறியது என்று தேடுவது பலன் தரும். இடிசி கோப்புறையில் இருப்பவற்றைத் திருத்திய தேதிப்படி வரிசைப்படுத்திப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

இன்னொரு வகையும் உண்டு: டிஸ்க்கில் எங்கும் எழுதப்படாமலே ஓடிக்கொண்டிருப்பவை. சர்வீஸை ‘ஸ்டார்ட்’ செய்தால் இப்போதைக்கு ஓடும். ‘எனேபிள்’ செய்திருந்தால்தான் அடுத்த பூட்டில் தானாக எழும். கமாண்ட் அடித்துச் சேர்த்த ஐபி முகவரி, அவசரத்துக்கு ஐபிடேபிள்ஸில் திறந்துவிட்ட போர்ட், ‘செட்என்ஃபோர்ஸ் 0’ போட்டு வாயடைத்து வைத்த எஸ்ஈலினக்ஸ், எல்லாமே ரீபூட் வரைக்கும்தான். ‘ரன்’ கோப்புறையும் அப்படியே. அது நினைவகத்தில் இருப்பது. ஒவ்வொரு பூட்டிலும் காலியாகப் பிறக்கும். பிஐடி கோப்பு வைக்க அதற்குள் யாராவது கையால் ஒரு கோப்புறை உருவாக்கி உரிமையாளரை மாற்றி வைத்திருந்தால், ரீபூட்டுக்குப் பின் ‘அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை’ என்ற ஒரு வரியோடு சர்வீஸ் நின்றுவிடும். யூனிட் கோப்பில் ‘ரன்டைம்டைரக்டரி’ என்று ஒரு வரி சேர்த்தால், சர்வீஸ்களை எழுப்பும் சிஸ்டம்டி-யே அதை ஒவ்வொரு முறையும் உருவாக்கிக் கொடுக்கும். மென்பொருளைத் திரும்ப நிறுவும் வேலையெல்லாம் வேண்டியதில்லை.

“எமர்ஜென்சி மோடுக்குப் போயிட்டா டிஸ்க் போச்சு.”

பெரும்பாலும் போயிருக்காது. எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி தவறாக இருந்தாலே போதும். புதிதாகச் செருகிய டிஸ்க்கை ‘எஸ்டிபி’ என்ற பெயரில் எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பெயர்கள், கெர்னல் டிஸ்க்குகளைக் கண்டெடுக்கும் வரிசையில் வருபவை. அடுத்த பூட்டில் எஸ்டிபி எஸ்டிசி ஆகிவிடலாம். யூயூஐடி கொடுத்து எழுதச் சொல்வது அதனால்தான். வராத டிஸ்க்குக்காக சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடி காத்திருக்கும். திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமுமாக ஓட, பக்கத்தில் கடிகாரம் ஒன்றரை நிமிடத்தை நோக்கி நகரும். பிறகு எமர்ஜென்சி மோட், ரூட் பாஸ்வேர்ட் கேள்வி. உபுண்டுவில் இங்கே இன்னொரு சிக்கல்: ரூட் கணக்கு பூட்டியிருப்பதால் கன்சோலைத் திறக்க முடியாது என்று கைவிரித்துவிடும். அப்போது கிரப் மெனுவில் ‘ஈ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் இனிட்டாக பாஷைக் கொடுத்து பூட் செய்ய வேண்டும். உள்ளே போனதும் கோப்பு முறைமை படிக்க மட்டும் திறந்திருக்கும். முதலில் எழுதும் உரிமையோடு ரீமவுண்ட் செய்துகொண்டு, பிறகு அந்த ஒரு வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி. வேலை முடிந்தது.

இதற்கு மருந்தாக எல்லா வரியிலும் ‘நோஃபெயில்’ போட்டுவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பேக்கப் டிஸ்க்குக்குச் சரி. டேட்டாபேஸ் இருக்கும் டிஸ்க்குக்கு நான் போடமாட்டேன். டிஸ்க் வராவிட்டாலும் சர்வர் எழுந்துவிடும். அங்கே காலிக் கோப்புறை இருக்கும். சில டேட்டாபேஸ் தொகுப்புகள் காலிக் கோப்புறையைக் கண்டால் புத்தம்புதிய டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கிக்கொண்டு உற்சாகமாக ஓடத் தொடங்கிவிடும். வாடிக்கையாளர் பட்டியல் மொத்தமும் காணாமல் போனதுபோல் தெரியும், ஆர்டர்கள் புதிய டேட்டாபேஸில் விழ ஆரம்பிக்கும். அதற்கு எமர்ஜென்சி மோடே மேல்.

“இன்னொரு தடவை ரீபூட் பண்ணிப் பாரு, சரியாயிடும்.” சிரிக்க வேண்டாம், சில நேரம் சரியாகும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்று சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் தள்ளியபோது, அஷூர் கிளவுடில் இருந்த மெஷின்களை 15 முறை வரை ரீபூட் செய்து சிலர் மீண்டதாக மைக்ரோசாஃப்டே சொன்னது. பழுதான கோப்பு விழவைப்பதற்கு முன் நெட்வொர்க் எழுந்துவிட்டால், திருத்திய கோப்பு வந்து சேர்ந்துவிடும். குதிரைப் பந்தயம்தான். மற்றவர்கள் சேஃப் மோடில் போய் 291 என்ற எண் கொண்ட அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது.

லினக்ஸிலும் இதே பந்தயம் சின்ன அளவில் நடக்கிறது. டிஎன்எஸ் தயாராகும் முன்பே என்ஜின்எக்ஸ் எழுந்தால், கான்ஃபிக்கில் பெயராக எழுதியிருக்கும் அப்ஸ்ட்ரீம் ஹோஸ்ட் கிடைக்கவில்லை என்று ஓட மறுக்கும். பத்து நிமிடம் கழித்து நாம் கையால் ஸ்டார்ட் செய்தால் மறுபேச்சில்லாமல் ஓடும். “என்னமோ தெரியல, இப்ப சரியாயிடுச்சு” என்று டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். அடுத்த ரீபூட்டில் அதே டிக்கெட் திரும்ப வரும். தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி அமைத்திருக்கிறோமே என்பார்கள். இயல்பு அமைப்பில் 10 விநாடிக்குள் 5 முறை விழுந்தால் சிஸ்டம்டி அந்த சர்வீஸைக் கைவிட்டுவிடும். ரீஸ்டார்ட்டுக்கு இடையே அது விடும் இடைவெளியோ 100 மில்லி விநாடி. நெட்வொர்க் கண் விழிப்பதற்குள் ஐந்து வாய்ப்பும் தீர்ந்திருக்கும். இடைவெளியைக் கூட்டுங்கள், நெட்வொர்க் முழுதாக எழுந்தபின்தான் தொடங்க வேண்டும் என்று யூனிட் கோப்பில் எழுதுங்கள்.

கண்மூடித்தனமாக ரீபூட் செய்வதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. வார் கோப்புறையின் லாகுக்குள் ‘ஜர்னல்’ என்ற கோப்புறை இல்லாவிட்டால், பல சர்வர்களின் இயல்பு அமைப்பில் சிஸ்டம்டி-யின் பதிவேடான ஜர்னல் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். ஒவ்வொரு ரீபூட்டும் முந்தைய பூட்டின் ஜர்னலைத் துடைத்துவிடும்.

திரை சில நிமிடம் கறுப்பாகவே இருந்தால் மதர்போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டுவதும் அவசரம். நூற்றுக்கணக்கான ஜிபி நினைவகம் உள்ள சர்வர் அதைச் சோதித்து முடிக்கவே பல நிமிடம் எடுக்கும். பவர் பட்டனிலிருந்து கையை எடுங்கள்.

இடம் நிரம்பியதால் டேட்டாபேஸ் எழவில்லையா? “லாகையெல்லாம் அழிச்சிடு” என்பது அடுத்த வைத்தியம். போஸ்ட்கிரெஸில் ‘பிஜி எக்ஸ்லாக்’ என்று ஒரு கோப்புறை இருந்தது. பெயரைப் பார்த்து வெறும் லாக் என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. உள்ளே இருந்ததோ, டேட்டாபேஸ் விழுந்து எழும்போது தன்னைச் சரிசெய்துகொள்ளத் தேவையான பதிவு. இந்த விபத்தைத் தடுக்கவே 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் அதன் பெயரை ‘பிஜி வால்’ என்று மாற்றினார்கள். ‘777 கொடு’ என்ற சர்வரோக நிவாரணியும் இதே ரகம். இடிசி முழுவதற்கும் அதைக் கொடுத்துப் பாருங்கள்: தன் சாவிக் கோப்பை ஊரே படிக்கலாம் என்றால் எஸ்எஸ்ஹெச் சர்வர் எழாது, சுடோவும் கைகொடுக்காது.

அப்டேட்டுக்குப் பின் எழாவிட்டால் பழைய கெர்னலில் ஏறிவிடலாம் என்ற தைரியம் பெரும்பாலும் நியாயமானதே. ஆனால் 2020 ஜூலை இறுதியில், பூட்ஹோல் என்ற பாதுகாப்பு ஓட்டையை அடைக்க ரெட்ஹாட் அனுப்பிய அப்டேட்டுக்குப் பிறகு பல சர்வர்கள் கிரப் மெனுவையே எட்டவில்லை. மெனு வந்தால்தானே பழைய கெர்னலைத் தேர்ந்தெடுக்க? மீட்பு ஐஎஸ்ஓவில் பூட் செய்து தொகுப்புகளைப் பின்னிழுக்க வேண்டியிருந்தது. கோளாறு, கிரப்புக்கு முன் ஓடும் ஷிம் என்ற சின்னத் துண்டில் இருந்தது. இதனால்தான் அப்டேட் போடுவதற்கு முன்பே, எதையும் மாற்றாமல், ஒருமுறை ரீபூட் செய்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். அப்போதே எழவில்லையென்றால் குற்றவாளி பழையவர். அப்டேட்டுக்குப் பின் எழவில்லையென்றால் புதியவர். ஆயிரம் நாள் அப்டைம் என்று பெருமை பேசும் சர்வரைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். இன்று அணைத்தால் அது எழுமா என்று யாருக்கும் தெரியாது.

“கிளவுடுல இந்தத் தொல்லையெல்லாம் இல்ல. எழலைன்னா ஸ்டாப் பண்ணி ஸ்டார்ட் பண்ணினா போதும், ரீபூட்டும் அதுவும் ஒண்ணுதானே.” ஒன்றல்ல. அமேசான் ஈசி2-வில் ரீபூட் செய்தால் மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கும். ஸ்டாப் செய்து ஸ்டார்ட் செய்தால் எலாஸ்டிக் ஐபி வாங்காதவருக்குப் பொது ஐபி மாறிவிடும். இன்ஸ்டன்ஸ் ஸ்டோரில் வைத்திருந்த தரவு திரும்பி வராது. ஈபிஎஸ் டிஸ்க் என்றால் பதற வேண்டாம். முதலில் ஒரு ஸ்நாப்ஷாட் எடுத்துக்கொண்டு மெஷினை நிறுத்துங்கள். ரூட் டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, எஃப்எஸ்டேப்பைத் திறந்து பாருங்கள்.