வெளுத்த எண்ணெய் சொல்லும் சேதி

பினாங்கு ஜோர்ஜ் டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து கடலை நோக்கி நடந்தால் சிறிது நேரத்தில் வெல்ட் கீ வந்துவிடும். அங்கே கடலுக்குள் நீளும் பலகைத் துறைகளை ஒட்டிச் சிறு படகுகள் கட்டிக் கிடக்கும். அவற்றின் பின்புறத்தில் மாட்டப்பட்டிருப்பதுதான் அவுட்போர்ட் இயந்திரம்.

ஓல் எவின்ரூட் 1909இல் அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய இயந்திரத்திலும் இன்றைய இயந்திரத்திலும் அடிப்பகுதியின் வேலை ஒன்றே. மேலிருந்து செங்குத்தாக இறங்கும் தண்டின் சுழற்சியைப் பற்சக்கரங்கள் கிடைமட்டமாகத் திருப்பி, விசிறியைச் சுழற்றுகின்றன. பற்சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. அவை இருக்கும் பெட்டியோ கடல்நீரில் மூழ்கியிருக்கிறது. இரண்டையும் பிரித்து வைப்பவை சில ரப்பர் வளையங்களே. பழுது பார்ப்போர் அவற்றை ‘ஆயில் சீல்’ என்பர்.

பெட்டியிலிருந்து வடியும் எண்ணெய், பால் கலந்த காப்பியைப் போல வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டுக் கடலுக்குப் போகிறவர்களும் உண்டு. காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டுவிட்டு, நோயைத் தேடாமல் விடுவது போன்றது அது. உப்புநீர் இரும்பை அரிக்கும். ஒருநாள் பற்சக்கரம் உடைந்தால், கரை கண்ணுக்குத் தெரிந்தாலும் படகு நீரோட்டத்தின் போக்கில்தான் போகும்.

நீர் எந்த வழியாக நுழைகிறது? செலவில்லாத இடத்திலிருந்து தேடத் தொடங்குவது நல்லது. முதலில், எண்ணெய்த் துளைகளை மூடும் இரு திருகாணிகளின் வாசர்களைப் பார்க்க வேண்டும். நசுங்கிய பழைய வாசரையே மீண்டும் போடுவதால் வரும் கசிவு அதிகம். அடுத்து விசிறியைக் கழற்ற வேண்டும். தண்டில் சுற்றிக்கொண்ட தங்கூசி நூல் சீலை அறுத்திருக்கலாம்.

அங்கும் குறை தெரியாவிட்டால், எண்ணெயை வடித்துவிட்டு, அளவுமானி உள்ள கைப்பம்பைத் துளையில் பொருத்திக் காற்றடிப்பார்கள். எவ்வளவு அழுத்தம் என்பதை இயந்திரத்தின் கையேடு சொல்லும். அதை மீறினால் நல்ல சீலும் கெட்டுவிடும். பிறகு சோப்பு நீரைத் தெளித்து, தண்டை மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். குமிழி எழும் இடமே கசிவிடம்.

குமிழியே வராமலும் போகலாம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஓடிச் சூடேறிய பெட்டி, நிறுத்தியதும் குளிர்ந்த நீரில் ஆறுகிறது, உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது, வெளிநீர் உறிஞ்சப்படுகிறது. உள்ளிருந்து தள்ளும் காற்றைத் தடுக்கும் சீல், வெளியிலிருந்து வரும் நீரைத் தடுக்காமல் விடலாம். ஆகவே, பம்பால் காற்றை உறிஞ்சியும் சோதிக்க வேண்டும். மானியின் முள் அசையாமல் நிற்கிறதா என்று சற்றுப் பொறுத்திருந்து பார்க்க வேண்டும்.

பழுதை நீக்கியபின், புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியாக மேல்துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும். அப்போதுதான் உள்ளே காற்று தங்காது. பழைய எண்ணெயைக் கடலில் ஊற்றக் கூடாது.

முதல் பயணம் முடிந்த இரவு இயந்திரத்தை நிமிர்த்தியே வைத்திருந்தால், உள்ளே புகுந்த நீர், எண்ணெயைவிடக் கனமானது என்பதால், அடியில் வந்து தங்கும். மறுநாள் காலையில் கீழ்த் திருகாணியைச் சற்றே தளர்த்தி, முதலில் கசியும் துளியின் நிறத்தைப் பாருங்கள்.