குளத்து மீனுக்கு எளிய தூண்டில்

உலர் வலயத்து நெற்செய்கை ஊர்களிற் குளம் இல்லாத ஊர் அரிது. அக்குளங்களில் விராலும் கெண்டையும், 1952 ஆம் ஆண்டில் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் வாழ்கின்றன. அரிசியும் மரக்கறியும் தம் நிலத்தில் விளைந்தும், உடலை வளர்க்கும் புரதச் சத்துக்காகப் பணங் கொடுத்து மீன் வாங்கும் கமக்காரர் பலர். வேலை ஓய்ந்த மாலைப் பொழுதில் ஒரு தூண்டில் அச்செலவைக் குறைக்கும். அதனை வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம்.

தேவையான பொருள்கள்

1. கம்பு: 8 முதல் 10 அடி வரை நீளமான, முற்றிய மெல்லிய மூங்கில். நிழலில் உலர்த்திய பின்னரே பாவித்தல் வேண்டும்.
2. நூல்: 0.25 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒற்றையிழை நைலோன். கம்பின் நீளமே நூலுக்கும் போதுமானது.
3. முள்: 8 ஆம் அல்லது 10 ஆம் இலக்கம். இவற்றுள் 10 ஆம் இலக்கமே சிறியது. திலாப்பியாவின் வாய் சிறிதாகையால், பெரிய முள்ளில் இரை மட்டுமே பறிபோகும்.
4. மிதவை: 2 அங்குல நீளமான தக்கை.
5. பாரம்: பிளவுள்ள சிறு ஈயக்குண்டு ஒன்று. இதனைப் பல்லாற் கடித்து இறுக்கலாகாது, ஈயம் நஞ்சாகும்.
6. முட்களை வைக்க மூடியுள்ள தகரப்பேணி. மண்புழுவை ஈரமண்ணுடன் வைக்க ஒரு சிரட்டை.

பூட்டும் முறை

நைலோன் வழுக்குந் தன்மையது. சாதாரண முடிச்சு கழன்றுவிடும். ஆகவே நூலின் நுனியை முள்ளின் துவாரத்தினூடாகச் செலுத்தி, நீண்ட நூலைச் சுற்றி 5 முறை முறுக்குக. பின்னர் அந்நுனியைத் துவாரத்தை அடுத்துள்ள வளையத்தினூடாக எடுத்து, நீரால் நனைத்து, மெதுவாக இறுக்குக. நனையாது இறுக்கினால் நூல் சூடேறிப் பலங் குன்றும். முள்ளுக்கு மேல் 6 அங்குலத்தில் ஈயத்தைப் பொருத்துக. இரை குளத்தின் அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்குமாறு மிதவையை நகர்த்துக. மிதவை பாதியளவு அமிழ்ந்து நிற்பின் பாரம் சரியென அறியலாம். விராலுக்கு இத்தூண்டில் போதாது. அதற்குத் தடித்த நூலும் பெரிய முள்ளும் வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

கிருமிநாசினி தெளித்த வயலின் நீர் வடியும் வாய்க்காலில் மீன் பிடித்து உண்ணலாகாது. தெளிகருவியைக் குளத்திற் கழுவுதலும் கூடாது. காலிற் புண்ணுள்ளோர் நீரில் இறங்காது கரையில் நின்றே தூண்டிலிடுக. எலிக்காய்ச்சற் கிருமி புண்வழியே உடலிற் புகும். குஞ்சுக் கூட்டத்தைக் காத்துநிற்கும் விராலைப் பிடித்தால், அக்குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். அறுந்த நூலைக் கரையில் எறிந்தால் அது மாட்டின் காலிலும் பறவையின் காலிலும் சிக்கும். பொறுக்கி வீட்டுக்குக் கொண்டு செல்க.

நஞ்சிட்டும் வெடிவைத்தும் மீன் பிடித்தலை 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் தடைசெய்கின்றது. அவை ஒரு நாளிற் பெரியதையும் குஞ்சையும் சேர்த்தே அழிப்பன. தூண்டிலோ வேண்டியதை மட்டும் எடுத்து, சிறியதை உயிருடன் விட இடந்தரும். வேலை முடிந்ததும் முள்ளைத் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசிப் பேணியில் இடுக. இவ்வாறு பேணின் முள் எளிதில் துருப்பிடியாது. சிறுவர் காலிலும் தைக்காது.