கைப்பேசி நிறுவனங்களின் இணைப்பும் கிராமத்தின் தேர்வுரிமையும்

நெசவாளிக்குத் தறியும் விவசாயிக்கு ஏரும் எவ்வளவு இன்றியமையாதனவோ, அவ்வளவு இன்றியமையாததாக இந்நாளில் கைப்பேசியும் ஆகிவிட்டது. சங்கம் கொடுத்த கூலி வங்கிக் கணக்கில் சேர்ந்த செய்தி அதில்தான் வருகிறது. மிளகாயின் அன்றைய விலையை அதில்தான் விசாரித்தறிகிறோம். கடலுக்குச் செல்லலாமா, கூடாதா என்னும் காற்றெச்சரிக்கையும் அதன் வழியே கிடைக்கிறது. தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே அலையாத்திக் காட்டை ஒட்டி அமைந்த காரங்காட்டில் ஒரு நாள் இக்கருவி ஊமையானால், அன்றைய வருவாயில் ஒரு பகுதி அதனோடு போகும். ஆகவே, இச்சேவையை விற்கும் நிறுவனங்கள் எத்தனை, அவை ஒன்றோடொன்று இணையும்போது நமக்கு நேர்வது யாது என்பதை அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம்.

பலவாக இருந்தவை சிலவான வரலாறு

இந்தியாவில் கைப்பேசிச் சேவை 1995-ஆம் ஆண்டு தொடங்கிற்று. முதலில் ஒரு வட்டத்துக்கு இரண்டு தனியார் நிறுவனங்களே அனுமதிக்கப்பட்டன. பின்னர் அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். 2002-இல் இத்துறையில் இறங்கியது. 2008-இல் 122 புதிய உரிமங்கள் வழங்கப்பட்டதால் ஒரே வட்டத்தில் பத்துக்கு மேற்பட்ட நிறுவனங்கள் போட்டியிட்டன. அவ்வுரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 2-ஆம் நாள் ரத்து செய்தது.

2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சில மாதங்களுக்கு இலவசமாகச் சேவை அளித்துக்கொண்டு சந்தைக்கு வந்தது. கட்டணங்கள் வேகமாகச் சரிந்தன. வாடிக்கையாளருக்கு அது நல்ல காலம். ஆனால் கடன் சுமந்திருந்த நிறுவனங்களால் அதைத் தாங்க இயலவில்லை. டெலினார் நிறுவனத்தின் இந்திய வணிகமும், டாட்டாவின் கைப்பேசி வணிகமும் ஏர்டெல்லுடன் சேர்ந்தன. வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டு 31-இல் ஒன்றாயின. இன்று நாடெங்கும் சேவை தரும் தனியார் நிறுவனங்கள் மூன்றே. அவற்றுடன் பி.எஸ்.என்.எல். நிற்கிறது.

இணைப்புக்கு நியாயமான காரணமும் உண்டு. கோபுரம், மின்சாரம், டீசல், ஏலத்தில் எடுத்த அலைவரிசை ஆகியவற்றின் செலவு, நூறு பேர் பேசினாலும் ஆயிரம் பேர் பேசினாலும் பெரிதும் மாறுவதில்லை. வீடுகள் நெருங்கிய நகரத்தில் அச்செலவு பலர்மீது பரவும். வீடுகள் சிதறிய கடற்கரையில் சிலர்மீதே விழும். இரு நிறுவனங்கள் ஒரே கோபுரத்தைப் பயன்படுத்தினால் செலவு குறையும் என்பது உண்மையே. ஆயினும் அந்த மிச்சம் யாரிடம் போய்ச் சேரும் என்பதே கேள்வி. எதிர்க் கடை திறந்திருக்கும் வரையில்தான் அதில் நமக்குப் பங்கு கிடைக்கும்.

ஏர்செல் கற்பித்த பாடம்

தமிழ்நாட்டில் 1999-இல் தோன்றி, ஒரு காலத்தில் நம் மாநிலத்தின் முன்னணி நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கியது ஏர்செல். 2006-இல் அதன் பெரும் பங்கை மலேசியாவின் மேக்சிஸ் நிறுவனம் வாங்கியது. 2016 செப்டம்பரில், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்துடன் ஏர்செல் இணையும் என்று அறிவிப்பு வந்தது. 2017 அக்டோபரில் அந்த ஏற்பாடு முறிந்தது. 2018 பிப்ரவரி பிற்பகுதியில் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் ஏர்செல் அலை திடீரென நின்றது. அம்மாத இறுதியில் நிறுவனம் திவால் நடவடிக்கையை நாடிற்று.

வேறு நிறுவனத்துக்கு மாற விரும்பியோர் குறுஞ்செய்தி அனுப்பிக் குறியீடு பெற வேண்டும். அலையே இல்லாதபோது குறுஞ்செய்தி எங்கே போகும்? வங்கிக் கணக்கும் ரேஷன் அட்டையும் அதே எண்ணுடன் பிணைந்திருந்தோர், தம் பணத்தைத் தாமே தொட முடியாத நிலைக்கு ஆளாயினர். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டு, ஏப்ரல் நடுப்பகுதி வரை மாறுவதற்கு வழி செய்தது.

இதிலிருந்து அறிவது யாது? சந்தாதாரர் வேறு, அங்கத்தினர் வேறு. இரு கூட்டுறவுச் சங்கங்கள் தாமே இணைய விரும்பினால், பொதுக்குழுவைக் கூட்டி அங்கத்தினர் முன் தீர்மானத்தை வைக்க வேண்டும். நிறுவனங்கள் இணையும்போது பங்குதாரருக்கு வாக்குண்டு. பணம் கட்டிப் பேசும் சந்தாதாரருக்கு வாக்கில்லை. அவர் கையிலுள்ள ஒரே வாக்கு, வேறிடம் செல்லும் உரிமையே.

போட்டியை அளக்கும் கணக்கு

ஒரு சந்தையில் போட்டி உண்டா, இல்லையா என்பதைப் பொருளியலார் எளிய கணக்கொன்றால் அளக்கின்றனர். ஒவ்வொரு வியாபாரியின் பங்கையும் நூற்றுக்கு எவ்வளவு என்று எழுதி, அதை அதனாலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுவார்கள்.

மிளகாய் மண்டியில் பத்து வியாபாரிகள் சமமாக வாங்குவதாகக் கொள்வோம். ஒருவர் பங்கு 10; பத்தைப் பத்தால் பெருக்க 100; பத்துப் பேருக்கு 1,000. நான்கே பேர் 40, 30, 20, 10 என்று வாங்கினால், 1,600, 900, 400, 100 ஆகியவை சேர்ந்து 3,000. ஒருவரே வாங்கினால் 10,000. எண் உயர உயர, விலை சொல்லும் அதிகாரம் சிலர் கையில் குவிகிறது என்பது பொருள். அமெரிக்க அரசின் 2023-ஆம் ஆண்டு நெறிமுறைகள் 1,800-க்கு மேற்பட்டதை மிகவும் குவிந்த சந்தை என்கின்றன.

நம் நாட்டின் அனுபவமும் இக்கணக்கை ஒட்டியதே. 2024 ஜூலை 3, 4 ஆகிய இரு நாட்களில் மூன்று தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தின. 28 நாள் சேவைக்கு 155 ரூபாய் பெற்ற ஜியோ 189 ஆக்கியது. 179 பெற்ற ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் 199 ஆக்கின. பி.எஸ்.என்.எல். அப்போது உயர்த்தவில்லை. லட்சக்கணக்கானோர் அதனிடம் சென்றனர். எனினும் சில மாதங்களில் ஒரு பகுதியினர் அதை விட்டு விலகினர். விலையில் மட்டும் போட்டியிருந்தால் போதாது. அலையின் தரத்திலும் போட்டி வேண்டும் என்பதற்கு இது சான்று.

எந்த எல்லைக்குள் எண்ணுவது?

இங்கேதான் கிராமத்தார் கவனிக்க வேண்டிய நுட்பம் உள்ளது. உரிமக் கணக்கில் தமிழ்நாடு முழுவதும், சென்னை உட்பட, ஒரே வட்டம். அந்த வட்டத்தில் நான்கு நிறுவனங்கள் உள்ளன என்றால், அண்ணா சாலையில் நான்கும் இருக்கும். காரங்காட்டின் படகுத்துறையில் எத்தனை என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. ஒன்றே தெளிவாக எட்டுமானால், அங்குள்ளவருக்குச் சந்தையின் எண் 10,000-ஐ ஒட்டியதே.

அமெரிக்காவில் 2008-இல் வெரைசன் என்னும் பெருநிறுவனம், கிராமப் பகுதிகளில் வேரூன்றிய ஆல்டெல் நிறுவனத்தை வாங்க முன்வந்தது. நாடு முழுவதையும் ஒரே சந்தையாகக் கொள்ளாமல், அந்நாட்டு நீதித் துறை வட்டாரம் வட்டாரமாகப் போட்டியை ஆராய்ந்தது. போட்டி குன்றும் என்று கண்ட 100 வட்டாரங்களில், வணிகத்தைப் பிறருக்கு விற்றுவிட வேண்டும் என்னும் நிபந்தனை விதித்தது. 2009 ஜனவரியில்தான் இணைப்பு நிறைவேறியது. நம் நாட்டிலும் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த போட்டி ஆணையம் உண்டு. கிராமத்தின் நிலையைக் கிராம எல்லைக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எடுத்துரைக்க நமக்கும் நியாயம் உண்டு.

கம்பி இழுத்தால் லாபமில்லை என்று நிறுவனங்கள் கைவிட்ட அமெரிக்கப் பண்ணைப் பகுதிகளில், விவசாயிகள் கூட்டுறவுத் தொலைபேசிச் சங்கங்கள் அமைத்தனர். 1949-இல் இயற்றிய சட்டத் திருத்தம் அச்சங்கங்களுக்கு அரசுக் கடன் கிடைக்கச் செய்தது. கூட்டுறவுக்கு இத்துறை அந்நியமானதன்று.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, அலைக் கணக்கெடுப்பு. தறிக்கூடம், வயல், படகுத்துறை, பள்ளி ஆகிய இடங்களில் எந்தெந்த நிறுவனத்தின் அலை எட்டுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கவும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும்.

இரண்டாவது, ஒரு குடும்பத்தில் இரு கைப்பேசிகள் இருப்பின் அவற்றை இரு நிறுவனங்களில் வைத்திருத்தல். ஒன்று நின்றால் மற்றொன்று உதவும்.

மூன்றாவது, எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் முறையை அங்கத்தினருக்குக் கற்பித்தல். இவ்வுரிமை 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் உண்டு. 1900 என்னும் எண்ணுக்கு, ஆங்கிலத்தில் போர்ட் என்ற சொல்லையும், ஓர் இடைவெளி விட்டுத் தம் பத்திலக்க எண்ணையும் அனுப்பினால் எட்டெழுத்துக் குறியீடு வரும். அது நான்கு நாட்கள் செல்லும். பழைய நிறுவனத்தில் 90 நாட்கள் நிறைந்திருக்க வேண்டும். முன்பணமாகக் கட்டியதில் மிஞ்சியது புதிய நிறுவனத்துக்கு வாராது. அலை நலியத் தொடங்கும்போதே மாறிவிட வேண்டும்; முற்றும் நிற்கும் வரை காத்திருப்பது ஆபத்து.

நான்காவது, தேவையற்றதை வாங்காதிருத்தல். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டத்தை ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் ஆணையம் விதித்துள்ளது. இணையம் பயன்படுத்தாத முதியோருக்கு அதைக் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம்.

ஐந்தாவது, கூட்டு மனு. நிறுவனங்கள் தம் வருவாயில் 5 விழுக்காட்டைக் கிராமச் சேவைக்கான நிதிக்குச் செலுத்துகின்றன. 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் அதன் பெயர் டிஜிட்டல் பாரத் நிதி. நாம் கட்டும் கட்டணத்திலிருந்து செல்வது அது. தனி ஒருவரின் புகார் கோப்பில் உறங்கலாம். அலைக் கணக்கெடுப்பை இணைத்து, பொதுக்குழுத் தீர்மானத்துடன் மாவட்ட ஆட்சியருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்பும் மனுவை எளிதில் ஒதுக்க இயலாது.

நூல் விற்பவர் ஒருவரே என்றிருந்த நாளில் நெசவாளி பட்ட பாட்டை நம் முன்னோர் அறிவர். அதற்கு மாற்றாகவே சங்கம் எழுந்தது. காற்றில் வரும் அலைக்கும் அந்நியாயமே பொருந்தும்.

கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. நம் ஊரில் தெளிவாகப் பேசத்தக்க அலை எத்தனை நிறுவனங்களுடையது?

2. அவற்றுள் ஒன்று நாளை நின்றுவிட்டால் எத்தனை குடும்பங்களின் வங்கிச் செய்தி தடைப்படும்?

3. மூன்று நிறுவனங்கள் 50, 30, 20 என்று பங்கிட்டுக் கொண்டால் சந்தையின் எண் என்ன? கடைசி இரண்டும் இணைந்தால் அது எவ்வளவாகும்?